தெல்மா போட்ட பெருக்கல் குறி

2016 ஜூன் 27, திங்கட்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு, இங்கிலாந்துக் கடலோர ஊரான சால்ட்டர்லியின் தேவாலயக் கூடத்தின் பின்பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் பேருந்து கிளம்பியது. ஒன்பதே கால் என்பது பயணத் தாளில் அச்சடித்திருந்த நேரம். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பேருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பியதில்லை. கட்டிப்பிடிப்பார்கள், இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று முத்தம் கொடுப்பார்கள், யாராவது குடையை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள், அவர்கள் வந்ததும் முத்தமெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து மணிக்கு ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். இந்தத் தடவை அவர் ஹாரனைத் தொடவில்லை.

தெல்மா கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றாள். பாலாடைக்கட்டியும் வெங்காய ஊறுகாயும் வைத்த ரொட்டி, அவித்த முட்டை இரண்டு, ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டு. கப்பல் சாப்பாடு அவளுடைய பிரெஞ்சுச் சிநேகிதி அன்னிக்குக்கு ஆகாது என்பதால் ஒவ்வொரு முறையும் கட்டிக்கொடுப்பது. அன்னிக் எல்லோருக்கும் முன்னால் ஏறிவிட்டாள். ஏறி, கூட்டம் நின்ற பக்கம் உட்காராமல் வேலி பார்த்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். தெல்மா பேருந்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் அது நகர்ந்துவிட்டது. கண்ணாடிக்குள் அன்னிக்கின் நரைத்த குட்டை முடி மட்டும் தெரிந்தது. அது திரும்பவில்லை.

கணவன் க்ளைவ் கைத்தடியை ஊன்றியபடி பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கு நுரையீரல் சரியில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்.

"குடு அத, நான் சாப்பிடறேன்," என்றான்.

"உனக்குக் கட்டினதில்ல இது."

"தெரியும். அதுக்காக நாய்க்கா போடப்போற?"

அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தாள். புதன்கிழமை வரை அது அங்கேயே இருந்தது. அந்தத் திங்கட்கிழமை இரவே ஐஸ்லாந்துக்காரர்களிடம் தோற்று இங்கிலாந்து கால்பந்து அணியும் ஐரோப்பியக் கோப்பையை விட்டு வெளியேறியது. ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக ஐரோப்பாவை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று மதுக்கடையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். க்ளைவ் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். தெல்மா சிரிக்கவில்லை.

தெல்மாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது. முப்பத்தொரு வருஷம் ஊர் ஆரம்பப்பள்ளியின் சமையலறையில் இருந்தவள். சால்ட்டர்லியில் ஐம்பது வயதுக்குள் இருக்கிற பாதிப்பேர் அவள் கையால் மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள். சண்டை போடத் தெரியாதவள் என்று ஊரில் பெயர். உண்மையில் அவளுக்குக் கோபம் வரும். வந்தால் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவுவாள், அவ்வளவுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சின் பிரித்தானி கரையில் இருந்த ப்ளூவாரெக் என்ற ஊரும் சால்ட்டர்லியும் இரட்டை ஊர்கள். 1984இல் இரண்டு ஊர் மேயர்களும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரட்டைப்படை வருஷம் ஜூனில் அவர்கள் இங்கே வருவார்கள், ஒற்றைப்படை வருஷம் இவர்கள் அங்கே போவார்கள். வெள்ளி முதல் திங்கள் வரை ஆளுக்கொரு வீட்டில் தங்கல். எந்த ஆள் எந்த வீட்டுக்கு என்று முடிவு செய்ய முதல் வருஷம் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் நாய் உண்டா, புகை பிடிப்பீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தது. எப்படிப்பட்டவர் வர விரும்புகிறீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு தெல்மா "யாராக இருந்தாலும் சரி" என்று எழுதினாள். அங்கே ப்ளூவாரெக்கில் அன்னிக் கெர்வேல் என்ற நர்ஸும் அதையே எழுதியிருந்தாள். கமிட்டிக்கு வேலை மிச்சம். இருவரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

முதல் நாள் மாலை ஐந்தரைக்கு தெல்மா மேசையை நிரப்பினாள். பன்றித்தொடைக் கறி, ரொட்டி, சாலட், கேக், தேநீர். அதுதான் இரவுச் சாப்பாடு. அன்னிக் அதைச் சிற்றுண்டி என்று நினைத்து மரியாதைக்கு ஒரு துண்டு ரொட்டி மட்டும் தின்றுவிட்டு, மாடிக்குப் போய் உடை மாற்றி, சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். எட்டு மணிக்குப் பசி தாங்காமல் இறங்கி வந்தால், சமையலறையில் தெல்மா நின்றபடியே மிச்சக் கேக்கைத் தின்றுகொண்டிருக்கிறாள். வெட்கத்தில் அவளும் முன்பு சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்பாடு எப்போ?" என்று அன்னிக் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சே," என்றாள் தெல்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மிச்சக் கறியையும் கேக்கையும் அங்கேயே நின்று தின்று தீர்த்தார்கள். அன்று அன்னிக், தன் கணவன் மருந்துக்கடைக்காரப் பெண்ணோடு போய்விட்டதைக் கேக்கை மென்றுகொண்டே சொன்னாள். யாரும் கேட்காமலே இப்படி ஒரு விஷயத்தைச் சொல்லலாம் என்பது தெல்மாவுக்குப் புதிது.

பிறகு எத்தனையோ வருஷங்கள். ஆர்ட்டிசோக் என்ற கூனைப்பூவை வேகவைத்து, அதன் இதழை எப்படிப் பல்லால் இழுத்துத் தின்பது என்று அன்னிக் கற்றுக்கொடுத்தாள். ஜூனிலும் குளிர் விடாத கடலில் கழுத்துவரை இறங்கவும் அவள்தான் பழக்கினாள். 1997இல் தெல்மாவின் மார்பில் ஒரு கட்டி வந்து அறுவைசிகிச்சை நடந்தது. ஊரில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. அன்னிக்குக்கு மட்டும் ஒரு வரி எழுதினாள். மூன்றாம் நாள் வாசலில் அன்னிக் பெட்டியோடு நின்றாள். ஒன்பது நாள் இருந்தாள். கை தூக்க முடியாத தெல்மாவைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"அழுடி," என்றாள். "இங்க்லீஷ்காரி மாதிரி தண்ணிக்குள்ளயே மறைச்சுக்காத. எனக்குத் தெரியுது."

அப்படிப்பட்டவளுக்கு எதிராகத்தான் தெல்மா ஓட்டுப் போட்டாள். அவள் மனதில் அது அப்படி இல்லை. ஆனால் அன்னிக்கின் கணக்கில் அது அப்படித்தான்.

க்ளைவுக்கு ஒரு படகு இருந்தது. 'மார்ஜோரி' என்று பெயர். பதினைந்து வயதில் அவன் அப்பாவோடு ஏறிய படகு. தொண்ணூறுகளில் கடலில் மீனைவிடப் படகு அதிகம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சொன்னது. படகைத் தானாகக் கைவிடுகிறவர்களுக்கு இழப்பீடு உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரே நிபந்தனை, படகை விற்கக் கூடாது, உடைக்க வேண்டும். க்ளைவ் கையெழுத்துப் போட்டான். ஒரு நாள் காலை மணல்மேட்டில் இயந்திரம் வந்து, அரை மணிநேரத்தில் 'மார்ஜோரி'யை விறகாக்கிவிட்டுப் போனது. பெயர்ப்பலகையை மட்டும் கேட்டு வாங்கி வந்து கொல்லைப்புறச் சுவரில் மாட்டினான். அதற்கப்புறம், ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவான். கையெழுத்துப் போட்டது தான்தான் என்பதை அவனும் சொல்ல மாட்டான், தெல்மாவும் சொன்னதில்லை.

2016 வசந்தத்தில் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா. ஜன்னலுக்கு ஜன்னல் தாள் ஒட்டினார்கள். எந்த ரொட்டிக்கடையில் எந்தத் தாள் இருக்கிறது என்று பார்த்து ரொட்டி வாங்கினார்கள். பிரிஸ்டலில் இருந்த மகள் டாம்சின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "உங்க படகுக்காக என் பிள்ளைங்க எதிர்காலத்த உடைக்கப்போறீங்களாப்பா?" என்று கேட்க, க்ளைவ் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். தெல்மா அதை எடுத்து, "அங்க வெயிலா இருக்கா?" என்று கேட்டாள். யார் எது சொன்னாலும் அவள் பதில் "அப்படியா" தான்.

க்ளைவால் வரிசையில் நிற்க முடியாது என்பதால் இருவருமே தபால் ஓட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜூன் நான்காம் தேதி, சனிக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும் உறைகளைப் பிரித்தார்கள். க்ளைவ் தன் தாளில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் பேனாவை அவள் பக்கம் உருட்டினான். இதில் போடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் வேறு மாதிரி செய்திருப்பாள். அவன் எழுந்து ஜன்னலிடம் போய், கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. தெல்மா 'விலக வேண்டும்' என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். தாளில் அன்னிக் என்று எங்கேயும் இல்லை. அன்னிக் எங்கே போய்விடப்போகிறாள்? இருபத்திநாலாம் தேதி வரப்போகிறாள்.

கூடவே இன்னொரு படிவம் இருந்தது. தேதி, கையெழுத்து. பின்னால் கெட்டில் கத்திக்கொண்டிருந்தது. தேதியை எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், உறையை நாக்கால் ஒட்டினாள்.

இரட்டை ஊர் வாரக்கடைசியை முந்தின வருஷமே குறித்துவிட்டிருந்தார்கள். வாக்கெடுப்பு ஜூன் 23 என்று அரசாங்கம் அறிவித்தபோது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலுக்குப் பதிவு செய்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலை, விலகுவது என்று முடிவு வந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு அவர்கள் பேருந்து வந்தது.

"கப்பல்ல எல்லாரும் டிவியையே பாத்துட்டிருந்தோம்," என்றாள் அன்னிக், இறங்கியதும் இறங்காததுமாக. "ஒருத்தர்கூட காபி குடிக்கல."

"வழியில மழை இல்லையே?" என்றாள் தெல்மா.

அன்னிக் அவளைப் பார்த்தாள். சரி, வீட்டுக்குப் போனதும் பேசுவாள் என்று நினைத்திருப்பாள். வீட்டில் தெல்மா படுக்கை விரிப்பு புதிதென்று சொன்னாள், பக்கத்துவீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். க்ளைவ் சீக்கிரம் படுக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை கூடத்தில் விருந்து. எண்பது பேர். மேடையில் இரண்டு கொடிகள். இரட்டை ஊர்ச் சங்கத் தலைவர் டெஸ்மண்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், முப்பத்திரண்டு வருஷ நட்பைப் பற்றியும் புதிய கழிப்பறைக் கட்டடத்தைப் பற்றியும் பேசினார். முந்தின நாள் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோலப் பேசி முடித்து உட்கார்ந்தார். கை தட்டினார்கள். தெல்மாவின் மேசையில் எட்டுப் பேர். இரண்டே பேர் பிரெஞ்சுக்காரர்கள். அன்னிக் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? இந்த மேசையில யார் யாரு நாங்க வேண்டாம்னு போட்டீங்க? கை தூக்குங்க போதும். நான் கடிக்க மாட்டேன்."

டெஸ்மண்டின் மனைவி உப்புக்குடுவையை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தாள். அன்னிக்கின் பார்வை மேசையைச் சுற்றிவந்து கடைசியில் தெல்மாவிடம் நின்றது.

"தெல்மா? நீ?"

பக்கத்தில் க்ளைவ் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. தெல்மா எழுந்தாள். நடுவிலிருந்த பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கினாள். கேக், ஜெல்லி, கஸ்டர்டு, பாலேடு என்று அடுக்கடுக்காக அவளே காலையில் செய்த ட்ரைஃபிள்.

"இன்னும் கொஞ்சம் யாருக்கு வேணும்?" என்றாள்.

ஐந்து தட்டுகள் ஒரே சமயத்தில் நீண்டன. எல்லோரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். கஸ்டர்டு அருமை என்றார்கள், எங்கே வாங்கின பழம் என்றார்கள். சால்ட்டர்லி ஆட்களைப் பொறுத்தவரை அவள் செய்தது பெரிய உபகாரம். வாய்க்குள் கரண்டி இருக்கும்போது யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது டெஸ்மண்ட் அவள் தோளைத் தட்டி, "நல்ல சமயத்துல காப்பாத்தினீங்க தெல்மா," என்றார்.

அன்னிக் தட்டை நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மரியாதையாக நடந்துகொண்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் தெல்மாவிடம் மரியாதையாக நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு தெல்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் தேநீர் போட்டதும் போனில் ப்ளூவாரெக்கின் வானிலையைப் பார்ப்பாள். சால்ட்டர்லிக்கு ஜன்னலைப் பார்த்தால் போதும். அங்கே மழை என்றால் அன்னிக் இன்று சைக்கிள் எடுக்க மாட்டாள். அங்கே வெயில் என்றால் துணி காயப்போடுவாள். காற்று மேற்கிலிருந்து என்றால் அவள் இடது முழங்கால் வலிக்கும். பத்து நிமிஷத்தில் அன்னிக்கின் நாளை முழுதாக வாழ்ந்து முடித்துவிட்டுத்தான் தெல்மா தன் நாளைத் தொடங்குவாள். கடிதம் எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள அன்னிக்' என்பதற்குக் கீழே பேனா நகராது.

செப்டம்பரில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாசலிலேயே நின்று படித்தாள். ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய தபால் ஓட்டு எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை. பிறந்த தேதி எழுத வேண்டிய கட்டத்தில் நீங்கள் எழுதிய தேதி எங்கள் பதிவோடு பொருந்தவில்லை. இனிமேல் கவனமாக நிரப்பவும். 4-6-2016 என்று எழுதியிருக்கிறாள். அன்றைய தேதி.

க்ளைவிடம் காட்டினாள். அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

"ஏன் கிழவி, வருஷாவருஷம் கேக் வெட்டற. என்னைக்குப் பொறந்தோம்னு தெரியல?"

"கெட்டில் கத்திட்டிருந்துச்சு."

"அப்ப அந்த ஆபீஸ் கணக்குப்படி உனக்கு வயசு மூணு மாசம். அதான் பேச்சு வர மாட்டேங்குது."

சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. தெல்மா தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அவகிட்ட சொல்லிடேன். நீ போடலன்னு. பொய்யில்லையே. கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு."

இந்த மூன்று மாதமும் அவள் வானிலை பார்ப்பதை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதினாள். "அன்னிக், அந்த ஓட்டில் என் ஓட்டு இல்லை. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, நான் தேதியைத் தப்பாக எழுதியதால் அதை எண்ணவே இல்லையாம். அன்றே சொல்லியிருக்கலாம் என்றால் அன்று எனக்கே தெரியாது." எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. தபால்பெட்டிக்குள் போட்ட பிறகு கையை அதன் வாயிலிருந்து எடுக்கவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

ஜனவரி கடைசியில் பதில் வந்தது. ப்ளூவாரெக் துறைமுகம் படம் போட்ட அட்டை. பின்னால் அன்னிக்கின் நர்ஸ் கையெழுத்தில் இரண்டே வரி: "எண்ணாத கதை வேண்டாம். எந்தக் கட்டத்தில் போட்டாய்?"

தெல்மா அந்த அட்டையைக் கையுறை வைக்கிற இழுப்பறையில் வைத்தாள். அன்று எல்லாப் பாத்திரத்தையும் இரண்டு தடவை கழுவினாள். 'இருக்க வேண்டும் என்று போட்டேன்' என்று எழுதினால் பொய். 'விலக வேண்டும் என்று போட்டேன்' என்று எழுதினால் அன்னிக் போய்விடுவாள். ஒன்றும் எழுதாவிட்டால்? அன்னிக் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். காத்திருக்கிற வரைக்கும் அவள் எங்கேயும் போகவில்லை. இப்படி ஒரு நியாயத்தைத் தனக்குச் சொல்லிக்கொண்டு தெல்மா நான்கு வருஷம் ஓட்டினாள்.

2017இல் ஊர்க்காரர்கள் ப்ளூவாரெக் போனபோது க்ளைவின் மூச்சைக் காரணம் சொல்லி அவள் போகவில்லை. 2018இல் அங்கிருந்து பதினொரு பேர்தான் வந்தார்கள். பேருந்துகூட இல்லை, இரண்டு வேன். தெல்மா முதல் நாளே மாடி அறையில் படுக்கையை விரித்து, ஜன்னலைத் திறந்துவைத்து, கூடத்துக்குப் பின்னால் போய் நின்றாள். பதினொரு பேரும் இறங்கி முடித்த பிறகும் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்குக்கு வேல இருக்காம்," என்றார் டெஸ்மண்ட், தரையைப் பார்த்தபடி. அன்னிக் ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியிருந்தது.

நாடு உண்மையிலேயே விலகிய 2020 ஜனவரி 31 அன்று மதுக்கடையில் கொடி கட்டினார்கள். க்ளைவால் படியிறங்க முடியவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து தொலைக்காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைக்கச் சொன்னான்.

"மார்ஜோரி திரும்பி வந்துருவான்னு நெனச்சேனோ என்னவோ," என்றான்.

அந்த நவம்பரில் அவன் இறந்தான். கொரோனா காலம், இறுதிச் சடங்குக்கு எண்ணித்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். டாம்சின் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார வேண்டியிருந்தது. அப்பாவும் மகளும் ஓட்டு விஷயத்தைப் பேசித் தீர்க்கவே இல்லை. போனில் வெயிலையும் மழையையும் பேசிப் பேசியே நான்கு வருஷத்தைக் கடத்திவிட்டார்கள். வானிலை பேச அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று தெல்மாவுக்குத் தோன்றியது. சடங்கு முடிந்து வந்து, கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். 1997இல் ஒரு வரி எழுதிப்போட்டதற்கு மூன்றாம் நாள் வந்து நின்றவளுக்கு, க்ளைவ் போய்விட்டான் என்று ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எழுதினால் பழைய கேள்வியைத் தாண்டித்தான் எழுத வேண்டும்.

2021 ஜனவரியில், அவசியமில்லாமல் வெளியே போகக் கூடாது என்றிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவாமல் அப்படியே விட்டுவிட்டு எழுதினாள்.

"அன்னிக்,

விலக வேண்டும் என்ற கட்டத்தில் போட்டேன். எண்ணவில்லை என்பதெல்லாம் என் முட்டாள்தனம் எனக்குச் செய்த உதவி. எண்ணியிருந்தாலும் நான் போட்டது அதுதான். க்ளைவ் போடச் சொல்லவில்லை. அவன் முதுகைப் பார்த்தேன், போட்டேன். உன்னை நினைக்கவே இல்லை, அதுதான் நான் செய்த தப்பு. அன்றைக்குக் கூடத்தில் நீ கேட்டபோது பதில் சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், நானும் கத்தியிருப்பேன், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போயிருப்போம். எனக்குத் தைரியம் இல்லை.

க்ளைவ் நவம்பர் 9 அன்று இறந்துவிட்டான்.

தெல்மா"

வானிலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாடு விலகியபின் பிரான்சுக்கு அனுப்பச் சுங்கத்தாள் ஒட்ட வேண்டுமா என்று தபால் அலுவலகத்தில் கேட்டாள். வெறும் கடிதத்துக்கு வேண்டாம் என்றார்கள்.

பதில் வரவில்லை. பிப்ரவரியில் வரவில்லை, ஈஸ்டருக்கு வரவில்லை. ஜோடி என்ற தபால்காரி, தெல்மாவின் பள்ளிச் சமையலறையில் சாப்பிட்டு வளர்ந்தவள், வாசலில் தெல்மா நிற்பதைப் பார்த்தால் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுவாள். கொஞ்ச நாளில் தெல்மா வாசலில் நிற்பதை விட்டுவிட்டாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். வானிலை பார்ப்பதை மட்டும் விடவில்லை. கேள்வி இருந்த இடம் காலியாகிவிட்டது, இனிக் காத்திருக்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காலையில் கெட்டிலை வைத்ததும் கை தானாகப் போனுக்குப் போகும்.

அந்த அக்டோபரிலிருந்து, அடையாள அட்டையை மட்டும் காட்டிவிட்டு பிரெஞ்சுக்காரர்கள் வர முடியாது, பாஸ்போர்ட் வேண்டும் என்று சட்டம் வந்தது. ப்ளூவாரெக்கில் முக்கால்வாசிப்பேரிடம் பாஸ்போர்ட் கிடையாது. தேவைப்பட்டதில்லை. 2022 மார்ச்சில் டெஸ்மண்ட் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். ஒன்பது பேர் வந்தார்கள்.

"கலைக்கலாம்னு சொல்லல," என்றார் டெஸ்மண்ட். "கொஞ்ச நாள் தூங்க விடலாம்னு."

"யாரு எழுப்புவா?" என்று தெல்மா கேட்டாள்.

"அது வந்து... காலம் வரும்போது..."

"நமக்கு எல்லாம் எழுபது தாண்டிருச்சு, டெஸ்மண்ட். நேராச் சொல்லுங்க. நாம அவங்கள வேண்டாம்னோம். அவங்களுக்கு வலிச்சுது. அத ஒரு தடவையாவது யாராவது வாயால சொன்னோமா? நானும் சொல்லல. ட்ரைஃபிள் வெச்சேன்."

டெஸ்மண்டின் மனைவி எழுந்து, யாருக்காவது இன்னும் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். தெல்மாவைத் தவிர எல்லோரும் வேண்டும் என்றார்கள்.

அவள் வீட்டுக்கு நடந்தாள். ஊர் எல்லையில், சால்ட்டர்லி என்ற பலகைக்குக் கீழே, ப்ளூவாரெக்கின் இரட்டை ஊர் என்ற சின்னப் பலகை இன்னும் இருந்தது. பாசி பிடித்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள், முழுதும் போகவில்லை. மேட்டில் ஏறினால் கடல் தெரியும். எவ்வளவு தெளிவான நாளானாலும் அந்தக் கரை தெரியாது, நூறு மைல். தெரியாது என்று தெரிந்தே அவள் வாரத்துக்கு மூன்று நாள் ஏறினாள். டாம்சின் ஒரு நாள் அவளோடு ஏறி வந்து, "என்னம்மா தேடற அங்க?" என்றாள். வழக்கம்போல "ஒண்ணுமில்ல" என்று வாய் வரை வந்தது.

"என் சிநேகிதிய," என்றாள் தெல்மா. "ரொம்ப ஏங்கிப்போயிருக்கேன். உங்கப்பாவுக்கு ஏங்கறதவிட அதிகம்னு நெனைக்கறேன். தப்பா எடுத்துக்காத."

டாம்சின் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவிடம் பேசாமல் போனதைப் பற்றி அன்றுதான் முதல் முறையாகச் சொன்னாள். இருவரும் இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள்.

2023 மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலையில் கெட்டிலை வைத்துவிட்டு வானிலை பார்க்கப் போனை எடுத்தபோது, அதில் ஒரு செய்தி வந்து கிடந்தது. எண்ணுக்கு மேலே பெயர் இருந்தது. அவள் அந்தப் பெயரை அழிக்கவே இல்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, படித்தாள்.

"தெல்மா, உன் கடிதம் கிடைச்சுது. ரெண்டு வருஷம் நாலு மாசமா கோவத்துல இருந்தேன். இன்னும் முழுசா போகல. ஆனா எனக்கு எழுபத்தொண்ணு ஆயிடுச்சு. கோவம் தீரட்டும்னு உக்காந்திருந்தா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி இருக்க மாட்டோம். க்ளைவுக்காக அழுதேன், அவன் ஒரு மக்கு, ஆனா நல்லவன். வாழ்க்கையில முதல் தடவையா பாஸ்போர்ட் எடுத்திருக்கேன். போட்டோல திருடி மாதிரி இருக்கேன். எந்த நாட்டுக்குன்னு அந்த ஆபீஸ் பொண்ணு கேட்டா. நாடு இல்ல, ஒரு பொம்பள வீட்டுக்குன்னு சொன்னேன். ஜூன் 16 வெள்ளிக்கிழமை கப்பல் ப்ளிமத் துறைமுகத்துக்கு வரும். முதல் ராத்திரி ஓட்டல்ல தங்கறேன், ரூம் சொல்லியாச்சு, சண்டை போடாத. மறுநாள் என்னன்னு பாக்கலாம்."